மூணு தெரு தள்ளி ஒரு மாவு மெஷின்: ஒரு வருஷம் அரைத்த பிறகு

முதலில் ரேட்டைச் சொல்லிவிடுகிறேன். நான் ஒரு கடையைப் பற்றிப் படித்தால் அதைத்தான் முதலில் தேடுவேன், பாதிப் பேர் அதை மட்டும் எழுதாமல் விட்டுவிடுவார்கள். கோதுமை, கேழ்வரகு, கம்பு எதுவானாலும் கிலோவுக்கு 10 ரூபாய். சத்துமாவு 20. மிளகாய், மல்லி, குழம்புத்தூள் 30. ஊறவைத்து நிழலில் உலர்த்திய பச்சரிசி 15, அதுவும் காலை பதினோரு மணிக்குள் கொண்டுபோனால்தான். கால் கிலோ கொண்டுபோனாலும் முகம் சுளிக்காமல் அரைத்துத் தருவார்கள், ஆனால் காசு ஒரு கிலோவுக்குத்தான். அமாவாசைக்கு லீவு. மதியம் ஒன்றரைக்கு ஷட்டரை இறக்கினால் நாலு மணிக்குத்தான் தூக்குவார்கள்.

கடை வடசென்னையில், தண்டையார்பேட்டையில், மெட்ரோவில் இறங்கி நடந்தால் பத்து நிமிஷம். பெயர் கேட்காதீர்கள். குறையும் சொல்லப் போகிறேன் என்பது ஒரு காரணம், இன்னொன்று, எனக்கே தெரியாது. போர்டில் இருபது வருஷத்து மிளகாய்த்தூளும் கோதுமை மாவும் ஏறி எழுத்தெல்லாம் ஒரே செம்மண் நிறமாகிவிட்டது. எங்களுக்கு அது வெறும் "மெஷின்". "மெஷினுக்குப் போய்ட்டு வரேன்" என்றால் வீட்டில் எல்லோருக்கும் புரியும். ராயபுரம், கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி என்று இந்தப் பக்கம் பூராவும் இப்படி ஒன்றிரண்டு இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன, உங்கள் தெருப் பெரியவர்களைக் கேட்டால் வழி சொல்வார்கள்.

போன வருஷம் ஆடி மாசம் கோயில் கூழுக்குக் கேழ்வரகு அரைக்கப் போனதில்தான் எல்லாம் ஆரம்பித்தது. எனக்கு முன்னால் நின்ற அம்மா ஒரு பெரிய தூக்கு நிறைய குழம்புத்தூள் அரைத்துக்கொண்டிருந்தார். அந்த வாசனை எனக்கு எங்கேயோ பழகிய வாசனை, என் ஆயா வீட்டுச் சமையலறை வாசனை, ஆனால் என் சமையலறையில் அது வந்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. கல்யாணம் ஆனதிலிருந்து நான் பாக்கெட்தான். அன்று ராத்திரி அலமாரியில் இருந்த பாக்கெட்களை எல்லாம் எடுத்துப் பின்பக்கம் படித்தேன். பொழுதுபோகாமல் என்று வைத்துக்கொள்ளுங்கள். எது எடையில் அதிகமோ அதைத்தான் முதலில் எழுத வேண்டும் என்று நம் நாட்டுச் சட்டமே இருக்கிறது, அது தெரிந்துவிட்டால் பின்பக்கம் படிப்பது சுவாரசியமான வேலை. கறி மசாலாவில் நாலாவது இடத்தில் உப்பு இருந்தது. கிலோ இருபத்தஞ்சு ரூபாய் உப்பை மசாலா விலைக்கு வாங்கியிருக்கிறேன். பையன் பாலில் கலந்து குடிக்கும் டப்பாவில் 100 கிராமுக்கு 32 கிராம் சேர்த்த சர்க்கரை. மூணில் ஒரு பங்கு.

அந்த டப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை. 2024 ஏப்ரலில் மத்திய வணிக அமைச்சகம், இந்த மாதிரி பானங்களை "ஹெல்த் டிரிங்க்" என்ற பிரிவிலிருந்து எடுக்கச் சொல்லி ஆன்லைன் விற்பனைத் தளங்களுக்கு அறிவுறுத்தியது, ஏனென்றால் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படி ஒரு வகையே கிடையாது. பல வருஷமாக நாம் அந்தப் பேரைச் சொல்லித்தான் பிள்ளைகளுக்கு ஊட்டிக்கொண்டிருக்கிறோம்.

சரி, மெஷினுக்கு வருகிறேன். இங்கே உண்மையிலேயே காசு மிச்சமாவது குழம்புத்தூளில்தான், அதனால் கணக்கை முழுசாகப் போடுகிறேன். மல்லி ஒரு கிலோ 140, நீட்டு மிளகாய் அரைக் கிலோ 120, சீரகம் 100 கிராம் 35, மிளகு 50 கிராம் 45, துவரம்பருப்பும் கடலைப்பருப்பும் நூறு நூறு கிராம் 26, வெந்தயம் ஒரு கைப்பிடி 4, விரலி மஞ்சள் 50 கிராம் 15. மொத்தம் 385. காய்ந்து, வறுபட்டு, மெஷினில் ஒட்டியது போக ஒரு கிலோ எண்ணூறு கிராம் வந்தது, அரைக்க 60 ரூபாய் வாங்கினார்கள். ஆக 445 ரூபாய்க்கு ஒண்ணே முக்கால் கிலோவுக்கு மேல் தூள், கிலோ 250-க்குள் அடங்கிவிடுகிறது. பாக்கெட்டில் நான் வாங்கிக்கொண்டிருந்தது 100 கிராம் 48 ரூபாய். எங்கள் வீட்டில் அஞ்சு பேர், வாரத்தில் ரெண்டு நாள் மீன் குழம்பு, ஒரு அரைப்பு மூணு மாசம் வருகிறது.

சாமான் வாங்குவதற்கு நான் கோவிந்தப்ப நாயக்கன் தெருவுக்குப் போகிறேன். பாரிமுனைப் பக்கம் போகிற சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்கு 2021-லிருந்து டிக்கெட் இல்லை என்பதால் போகிற செலவு கிடையாது, பையைத் தூக்குகிற செலவு மட்டும்தான். அங்கே அஞ்சு கிலோவாக எடுத்தால் தெருக்கடையைவிட நல்லாவே குறைகிறது, நானும் எதிர்வீட்டு அக்காவும் கீழ்வீட்டு அம்மாவும் பங்கு போட்டுக்கொள்கிறோம். மிளகாயை உடைத்துப் பார்த்து வாங்குங்கள், விதை சலசலவென்று கொட்டினால் நல்ல காய்ச்சல், வளைந்தால் ஈரம் இருக்கிறது, வாசனையில் மக்கல் அடித்தால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை, வீட்டுத்தூள் சிவப்பாக வராது. முதல் முறை அந்தத் தூளில் வஞ்சிரக் குழம்பு வைத்தபோது (வஞ்சிரம் என்றால் தலையும் வாலும், நடுத்துண்டு நம் பட்ஜெட் இல்லை) வீட்டுக்காரர் கரண்டியால் கிளறிவிட்டு, "என்ன, காரமே போடலையா?" என்றார். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுத் தண்ணீர் சொம்பைத் தேடினார். கலர் வேண்டும் என்றால் கால் பங்கு காஷ்மீரி மிளகாய் சேருங்கள், மெஷின்காரரே சொல்வார்.

கோதுமை விஷயத்தில் நேர்மையாகச் சொல்ல வேண்டும், அதில் லாபம் பெரிசாக ஒன்றும் இல்லை. நல்ல கோதுமை கிலோ 46, அரைக்க 10, புடைத்துக் கல் பொறுக்கிக் காயவைக்கிற வேலை வேறு. பாக்கெட் முழுக்கோதுமை மாவும் கிட்டத்தட்ட அதே விலைதான், அதன் பின்பக்கத்தில் கோதுமை என்ற ஒரே வார்த்தைதான் இருக்கிறது, அதைக் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. ரேஷனில் கோதுமை வருகிற மாதம் மட்டும் மெஷினுக்குக் கொண்டுபோகிறேன். முதல் தடவை சப்பாத்தி அப்பளம் மாதிரி வந்தது. "நைஸா ஓட்டித் தரேன்மா, ஆனா நீங்க தண்ணி கூட ஊத்திப் பெசஞ்சு அரைமணி நேரம் மூடி வைக்கணும், தவிடு தண்ணி குடிக்கும்" என்றார் மெஷின்காரர். அப்படிச் செய்ததும் சரியாகிவிட்டது. மாவு மெஷினிலிருந்து கை சுடுகிற சூட்டில் வரும், வந்ததும் டப்பாவில் போட்டு மூடினால் வியர்த்துக் கட்டி விழும், பேப்பரில் பரப்பி முழுசாக ஆறவிட்ட பிறகுதான் அடைக்க வேண்டும். இதை எனக்குச் சொல்ல யாரும் இல்லாமல் ரெண்டு கிலோ மாவு புழு வைத்தது.

இப்போது பெரிய புகார். புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை, கடையில் கூட்டம், மூணு கிலோ கேழ்வரகு அரைத்து வந்தேன். ஞாயிறு காலையில் கஞ்சி காய்ச்சி மோர் ஊற்றி பாப்பாவுக்குக் கொடுத்தால் ரெண்டு வாய் குடித்துவிட்டு "அம்மா, காரம்" என்கிறாள். நாக்கில் வைத்தபோது எனக்கு ஒன்றும் தெரியவில்லை, தொண்டையில் இறங்கும்போது சுருக்கென்றது. மாவை எடுத்துக்கொண்டு போய் மெஷின்காரரிடம் காட்டினேன். அவர் ஒரு சிட்டிகை வாயில் போட்டார், பேசவில்லை, மெஷினின் வாய்ப்பக்கம் போனார். மாவு கொட்டுகிற குழாயில் ஒரு துணிப்பை கட்டியிருப்பார்கள், நீளமாக, பேன்ட் கால் மாதிரி, கடைசியில் ஒட்டியிருக்கும் மாவு விழுவதற்காக அதைத் தட்டுவார்கள். மிளகாய்க்குத் தனி மெஷின்தான், அதில் பொய் இல்லை. ஆனால் கேழ்வரகு மெஷினின் துணி கிழிந்துவிட்டது என்று கடைப்பையன் மிளகாய் மெஷின் துணியை அவிழ்த்து இதில் கட்டியிருக்கிறான். "தட்டித்தான்கா கட்டுனேன்" என்றான் பாவம். தட்டினால் மிளகாய் போகுமா?

அடுத்த மூணு கிலோவைக் காசில்லாமல் அரைத்துத் தந்தார்கள், வீணான கேழ்வரகுக்குக் காசு தரவில்லை, நானும் அழுத்திக் கேட்கவில்லை. அந்த மாவில் முருங்கைக்கீரையும் வெங்காயமும் போட்டு ரெண்டு வாரம் அடை தட்டினேன். அடைக்கு அது பிரமாதமாக இருந்தது என்பதை அவரிடம் இன்றுவரை சொல்லவில்லை. அதிலிருந்து நான் கடைக்குள் நுழைந்ததும் கேட்கிற முதல் கேள்வி, "எனக்கு முன்னாடி இதுல என்ன ஓடுச்சு?" நீங்களும் கேளுங்கள். யார் போட்டாலும் முன்னால் ஓடியதில் ஒரு கைப்பிடி உள்ளே தங்கியிருக்கும், அது உங்கள் மாவோடு வரும், உங்களுடையதில் ஒரு கைப்பிடி அடுத்தவருக்குப் போகும். கேழ்வரகுக்கு முன்னால் கம்பு ஓடியிருந்தால் பரவாயில்லை. கோதுமை ஆகாத உடம்பு யாருக்காவது வீட்டில் இருந்தால் பொது மெஷின் பக்கமே போகாதீர்கள், வீட்டு மிக்ஸிதான் அவர்களுக்கு.

கேழ்வரகு என்றதும் இன்னொன்று. எங்கள் அத்தைக்குச் சுகர். கேழ்வரகு சுகருக்கு நல்லது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, மாவு வீட்டில் நிறைய இருக்கிறதே என்று, காலையில் ரெண்டு டம்ளர் சாயங்காலம் ஒரு டம்ளர் கஞ்சியாகக் காய்ச்சிக் குடித்தார். மாத்திரையும் ஒழுங்காகப் போட்டார். அடுத்த டெஸ்ட்டில் சுகர் ஏறியிருந்தது. மாநகராட்சி ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸம்மா கேட்டு வாங்கியபோதுதான் இந்தக் கஞ்சிக் கதை வெளியே வந்தது. நைசாக அரைத்து, நீர்க்கக் காய்ச்சிக் குடித்தால் கேழ்வரகும் மளமளவென்று சர்க்கரையை ஏற்றும், அரிசிக்குப் பதில்தானே தவிர அரிசியோடு சேர்த்து இல்லை என்று பொறுமையாகச் சொல்லி அனுப்பினார். இப்போது அத்தைக்குக் கொரகொரப்பாக அரைத்த மாவில் கீரை போட்டு ராத்திரி ரெண்டு அடை, கூடச் சோறு கிடையாது. சுண்ணாம்புச்சத்து விஷயத்தில் கேழ்வரகை அடித்துக்கொள்ள வேறு தானியம் இல்லை, 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது, அதனால் பிள்ளைகளுக்குக் கொடுப்பதை விடுவதாக இல்லை. 2023-ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகு சாமை, வரகு, குதிரைவாலி எல்லாம் அழகான பாக்கெட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டன, விலையும் கூடவே ஏறி உட்கார்ந்துவிட்டது. கேழ்வரகும் கம்பும் மட்டும்தான் இன்னும் எங்கள் கைக்கு எட்டுகிற விலையில் மூட்டையில் கிடக்கின்றன.

சத்துமாவுக்கு நான் போடுவது: கேழ்வரகு அரைக் கிலோ, கம்பு, கோதுமை கால் கால் கிலோ, பாசிப்பயறு, பொட்டுக்கடலை, வேர்க்கடலை தலா 200 கிராம், ஏலக்காய் பத்து. முளைகட்டி ஒரு தடவை செய்து பார்த்தேன், அது கார்த்திகை மழை, காயவே இல்லை, புளித்த நாற்றம் வந்து எல்லாவற்றையும் கொட்டினேன். வெயில் காலத்தில் முளைகட்டுங்கள், இல்லையென்றால் சும்மா வறுத்து அரையுங்கள், அதுவே போதும். வேர்க்கடலையை நான் தனிப் பையில் கொண்டுபோனபோது, "ம்மா, இத மட்டும் தனியா போட்டா எண்ணெய் விட்டு மெஷின் வாயே அடைச்சிரும், எல்லாத்தோடயும் கலந்து குடுங்க" என்றார். வேர்க்கடலை சேர்த்த மாவு ஒரு மாசத்துக்கு மேல் தாங்காது, சிக்கு வாடை வந்துவிடும், ஒரு தடவைக்கு இந்த அளவுக்கு மேல் அரைக்காதீர்கள். பையன் இதைக் குடிக்கிறானா? வெல்லம் போட்டால் குடிக்கிறான். வெல்லமும் சர்க்கரைதான், தெரியும். ஆனால் ஒரு டம்ளருக்கு ஒரு ஸ்பூன் என்று என் கையால் போடுகிறேன், அது என் கையில் இருக்கிறது என்பதே பெரிய வித்தியாசமாக இருக்கிறது.

ரேஷன் அரிசியையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மெஷின் வாசலில் வரிசையில் நிற்கும்போது பாதிப் பேச்சு அதைப் பற்றித்தான். அதில் நடுநடுவே கொஞ்சம் மஞ்சளாக, தண்ணீரில் மிதக்கிற மாதிரி வருகிறதே ஒரு அரிசி, அதைப் பிளாஸ்டிக் அரிசி என்று அத்தை முறத்தில் உட்கார்ந்து மணிக்கணக்காகப் பொறுக்குவார். அது அரிசி மாவில் இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 கலந்து அரிசி வடிவத்தில் செய்தது, நூற்றுக்கு ஒன்று என்ற கணக்கில் கலந்திருப்பார்கள். பொறுக்கிப் போட்டால் சத்தைத்தான் பொறுக்கிப் போடுகிறோம். எங்கள் வீட்டில் ரேஷன் புழுங்கலரிசி முழுக்க இட்லிக்கு, உளுந்து மட்டும் வெளியில் வாங்குகிறோம், வீட்டு கிரைண்டரில் அரைக்கிறோம். பாக்கெட் மாவு வாங்குவதை விட்டே ஆறு மாசம் ஆகிறது. மாதச் சாமான் செலவு முன்பு ஒன்பதாயிரத்தைத் தொடும், இப்போது எட்டாயிரத்துக்குக் கொஞ்சம் கீழே நிற்கிறது. அந்த ஆயிரத்தில் பாதி பழத்துக்கும் பாதி காசிமேட்டு மீனுக்கும் போய்விடுகிறது. கவலை மீனும் நெத்திலியும் மலிவாகக் கிடைக்கிற அன்று ரெண்டு கிலோவாக வாங்கிவிடுவோம், ஏப்ரல் 15-லிருந்து 61 நாள் விசைப்படகு போகாத தடைக்காலத்தில் மட்டும் கருவாடும் முட்டையும்.

எல்லாவற்றையும் விட்டுவிட்டோம் என்று நினைக்காதீர்கள். வெள்ளிக்கிழமை ஸ்கூல் விட்டதும் பையனுக்கு ஒரு பாக்கெட் சிப்ஸ் உண்டு, அது ஒப்பந்தம். ராத்திரி ஷிப்ட் முடிந்து வீட்டுக்காரர் வருகிற நாளில் நூடுல்ஸும் உண்டு, அந்த நேரத்தில் எனக்கு அடை தட்டத் தெம்பு இருக்காது.

மற்ற குறைகள். உட்கார ஒரே ஒரு ஸ்டூல், அதில் எப்போதும் யாருடைய தூக்கோ உட்கார்ந்திருக்கும். மிளகாய் ஓடும்போது உள்ளே நிற்காதீர்கள், தெருமுனை வரை எல்லோரும் தும்மிக்கொண்டிருப்பார்கள், வீசிங் இருக்கிறவர்கள் பையைக் கொடுத்துவிட்டு சாயங்காலம் வந்து வாங்கிக்கொள்வதுதான் நல்லது. அப்படி விட்டுவிட்டு வந்தால் பையில் பெயர் எழுதுங்கள், ஒரு தடவை யாரோ ஒருவரின் மல்லித்தூள் எனக்கு வந்து, என்னுடையது யாருக்கோ போய், அதைவிட இது நன்றாக இருந்ததால் நான் பேசாமல் இருந்துவிட்டேன். க்யூஆர் கோடு ஒட்டியிருக்கிறது, ஸ்கேன் ஆகாது, அதன் மேலும் மாவு. எடை மெஷினில் நிறுத்துக் கொடுத்து நிறுத்து வாங்குங்கள், அஞ்சு கிலோவுக்கு நூறு கிராம் குறைவது வழக்கம், கால் கிலோ குறைந்தால் கேளுங்கள். கொடுப்பார்கள், சண்டைக்காரர்கள் இல்லை. கடைக்கு என் மார்க் அஞ்சுக்கு நாலு. அந்தத் துணி விஷயம் நடக்காமல் இருந்திருந்தால் நாலரை போட்டிருப்பேன்.

காயவைக்கிற இடம்தான் நம் பக்கத்தில் பெரிய தலைவலி. துறைமுகத்தில் நிலக்கரி இறக்கிய காலத்தில் மொட்டை மாடியில் வெள்ளைத்துணி காயப்போட்டால் கறுப்புப் பொடி படியும் என்று அத்தை சொல்வார், 2011-ல் கோர்ட் உத்தரவுக்குப் பிறகு நிலக்கரி எண்ணூர்த் துறைமுகத்துக்குப் போய்விட்டது, இப்போது அந்தப் பொடி எண்ணூர்க்காரர்கள் மாடியில். எங்களுக்கு லாரிப் புழுதி மட்டும்தான், மிளகாயைப் பரப்பி மேலே பழைய மல்லு வேட்டி ஒன்றைப் போட்டு நாலு மூலைக்கும் கல் வைத்துவிடுகிறேன். இப்போதும் ரெண்டு கிலோ மாடியில் கிடக்கிறது, நாளைக்கு அரைக்க வேண்டும், கடல் பக்கம் கறுத்துக்கொண்டு வருகிறது, கீழ்வீட்டு அம்மா வேறு கூப்பிடுகிறார்.